கொஞ்சம் தரை போதும்

எங்கள் டாக்டரம்மாவோடு துக்க வீட்டுக்குப் போவதென்றால் எனக்கு உள்ளூர உதறல்தான். மயானத்தில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். இவர் ஓரமாக நின்று, கண்ணைச் சுருக்கி, சரிவை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "கம்பவுண்டர், இது தோதுப்படுமுங்க. அந்த யூகலிப்டஸ் ரெண்டையும் வெட்டிட்டாப் போதும்" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ குழி வெட்டுகிற விஷயம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். அவர் பேசுவது அங்கே விமானம் இறக்குவதைப் பற்றி.

கல்யாண வீடும் தப்பாது. சோலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்டாயிற்று, டாக்டரம்மாவைக் காணோம். மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய்த் திசைக்கு ஒரு ஆளாகத் தேட விட்டார். கடைசியில் பார்த்தால், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழங்கு தோண்டி முடித்த காட்டில் எட்டு வைத்து அளந்துகொண்டிருக்கிறார். "சாம்பார் ஆறுதுங்க" என்று கூப்பிட்டேன். "காடு நெடுக மேல ஏறுது பாருங்க, என்ன அருமையான ஏத்தம்!" என்றார். ஊட்டி கோல்ஃப் மைதானத்தைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு தரை, ஒரு சின்னப் பந்துக்கு!

நான் அப்போது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எழுபதுகளின் நடுப்பகுதி. டாக்டரம்மா காங்கயத்துக்காரர். எங்களிடம் வருவதற்கு முன், நாட்டின் வடகிழக்கு மூலையில் ரோடே இல்லாத மலைகளில் வேலை பார்த்தவர். அங்கே உப்பு, அரிசி, மருந்து எல்லாம் குட்டி விமானத்தில்தான் வருமாம். திரும்பிப் போகும்போது நோயாளியை ஏற்றிக்கொண்டு போகுமாம். மலை முகட்டில் ஒரு துண்டுப் புல்தரை இருந்தால் போதும், அதில் இறங்கி, அதிலேயே எழும்பிவிடும். அதைப் பார்த்த கண்ணை அவர் அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டார். கோயில் மைதானமானாலும் முட்டைக்கோஸ் காடானாலும், இதில் இறங்குமா, எழும்புமா என்கிற ஒரே கேள்விதான்.

ஆள் ரொம்பச் சின்னவர். நன்றாகக் காற்றடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். நான் அதற்கு நேர்மாறு. கொழுந்து நிறுக்கும் தராசுப் பக்கம் நான் போனாலே பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து 'ஊசியும் மூட்டையும்' என்று பெயர். ஆஸ்பத்திரி ஜீப்பை அவரேதான் ஓட்டுவார். மற்றவர்கள் முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கொண்டை ஊசி வளைவை ஒரே வெட்டில் திருப்புவார். "இடமெல்லாம் போதுமுங்க, மனுசனுக்குத்தான் போதறதில்லை" என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு. ஆனால் பள்ளத்தாக்குப் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டார். ஆஸ்பத்திரியில் மேல் தட்டில் இருக்கும் மருந்துக்காக ஸ்டூலில் ஏறவும் மாட்டார். "கம்பவுண்டர், அந்த ஸ்பிரிட் பாட்டிலு..." என்று குரல் வரும். நான் ஏறுவேன், ஸ்டூல் முனகும். சரி, படித்தவர், ஏவித்தான் பழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தார். கொல்லையில் என் மனைவி நாட்டுக்கோழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இறக்கை ஒன்றை வாங்கி விரித்தார்.

"இங்க பாருங்க. முன்னால கட்டைவிரலாட்ட ஒரு சின்ன இறகு நிக்குதுங்களா? காக்கா செவுத்து மேல இறங்கறப்ப இதைத் தூக்கும். அப்பத்தான் காத்து பிச்சுக்கிட்டுப் போகாம இறக்கையோட ஒட்டிட்டு வரும். அந்தப் பிளேனுக்கும் இறக்கையோட முன் விளிம்புல இதேமாதிரி ஒரு பட்டை இருக்குதுங்க." பிறகு பின்பக்கத்து இறகுகளைக் கீழே மடக்கினார். "பின் விளிம்பு இப்பிடித் தொங்கும். இறக்கையே பெருசாயி வளைஞ்சிரும். மேட்டுப்பாளையம் பஸ்ஸு சமவெளியில போற வேகம் இருந்தாப் போதும், கீழ விழாது."

"பஸ் வேகத்தில் போவதற்கு பஸ்ஸே போதாதுங்களா?" என்றேன். கிண்டல் செய்தால் அவருக்குக் கோபம் வராது, உற்சாகம்தான் கூடும்.

"வேகமாப் போறதுல என்னங்க வித்தை இருக்குது? மெதுவாப் போயியும் விழாம இருக்கோணும். அதுதான் வித்தை. மெதுவா வந்தாத்தானே சின்ன இடத்துல நிக்க முடியும்? ஏத்தத்துல இறங்குனா மலையே பிரேக்கு. இறக்கத்துல கிளம்புனா மலையே தள்ளி உட்டுரும்!"

சொல்லிக்கொண்டே இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் ஓடிக் காட்டினார். என் மனைவி கத்தியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் குழம்பில் ஒரு இறக்கை குறைந்தது.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஐப்பசி மழை வரும்வரை. மாரியாயியின் மருமகளுக்கு நிறைமாதத்தில் இரத்தம் போக ஆரம்பித்தது. மாரியாயி சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். லயத்தில் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்று டாக்டரம்மா ஜீப்பைக் கிளப்பினார். ரோடு சரிந்து கிடந்தது. திரும்பி வேறு வழியாகப் போனோம். அங்கேயும் சரிந்து கிடந்தது. தாயும் வயிற்றுப் பிள்ளையும் ஜீப்பிலேயே உயிரை விட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். டாக்டரம்மா அழவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நேர் கோட்டுல பாத்தா கோயம்புத்தூரு தோ, அங்க இருக்குது கம்பவுண்டர்" என்றார். அதற்குப் பிறகு அவருடைய தரைப் பைத்தியத்தை நான் கேலி செய்யவில்லை.

தை மாதம் எங்கள் முகட்டில் கிழட்டுத் தேயிலையை வேரோடு பிடுங்கினார்கள். மழை தொடங்கியதும் அதில் புல் நட்டு மண்ணைத் தேற்றி, பிறகு புதுச் செடி வைப்பது எஸ்டேட் வழக்கம். வெறும் தரையாகச் சரிந்து கிடந்த அந்த முகட்டைப் பார்த்த அன்று டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே மேனேஜரிடம் போனார். அவர் நல்லவர், ஆனால் தேயிலைக்கு அப்பால் எதையும் நம்பாதவர்.

"டாக்டர், ஒரே ஒரு தடவை இறங்கிக் காட்டட்டும். ஒரு ஆளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவச்சுத் தூக்கிட்டுப் போகட்டும். செஞ்சு காட்டினா, அந்த பீஸ் ஆஃப் லேண்டை விட்டுடறேன். இல்லேன்னா புல்லு நட்டுடுவேன். அதுக்கப்புறம் ஏரோப்ளேன்ங்கற பேச்சே என் காதுல விழக் கூடாது."

டாக்டரம்மாவுக்கு வடகிழக்கில் பழக்கமான விமானி ஒருவர், பாலக்காட்டுக்காரர், இப்போது கீழே சமவெளியில் பருத்திக் காடுகளுக்கு மருந்து தெளிக்கும் கம்பெனியில் இருந்தார். அங்கே ஆள் ஏற்றும் குட்டி விமானம் ஒன்றும் இருந்தது. அவரைப் பிடித்தார். அனுமதி வாங்க அவர்கள் இருவரும் அலைந்தது தனிப் புராணம். விமானி ஒருநாள் நேரில் வந்து முகட்டை நடந்து பார்த்தார். கல் பொறுக்கி, குழி தூர்த்து, ஆஸ்பத்திரி போர்வையைக் குழாயாகத் தைத்துக் காற்றின் திசை காட்டும் பையாகக் கம்பத்தில் கட்டினோம். நாள் குறித்தாயிற்று. காலையில், பள்ளத்தாக்குக் காற்று மேலே எழும்புவதற்குள் வருவதாக ஏற்பாடு.

அந்தக் காலையில் நானும் டாக்டரம்மாவும் முகட்டுக்குப் போனபோது எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. லயத்துப் பெண்கள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். புழுதி பறக்கக் கூடாதென்று குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து, நடுத் தரையில் தேர் நிற்கிற அளவுக்குக் கோலம் போட்டிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. கீழ்க் கோடியில், விமானம் எந்த வழியாக உள்ளே வர வேண்டுமோ அந்த வாயிலில், இரண்டு பெரிய மூங்கில் நட்டு, வாழை கட்டி, குறுக்கே சில்வர் ஓக் இலையும் சாமந்தியுமாக ஒரு தோரண வளைவு! மாரியாயி அதன் கீழே புதுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ, யார் உங்களை இதைக் கட்டச் சொன்னது?" என்று நான் கத்தினேன்.

"தொரைமாரு காரு வந்தாலே தோரணம் கட்டுறோம். ஆகாசத்துல இருந்து வாறவங்களுக்குக் கட்டாம இருக்கலாமா?" என்றாள் மாரியாயி. பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என் மருமகளுக்கு வழி கெடைக்கல்லியே தாயி. இந்த வழிக்கு நான்தான் வாசக் கட்டணும்" என்றாள்.

நான் அரிவாளைத் தேடினேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வளைவை அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அந்தக் கண் சுருக்கம் வந்தது.

"இருக்கட்டுங்க" என்றார். "வாசலுக்கு மேலயே வரட்டும்."

கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். கோலத்தையும் தாண்டி, ஈரம் படாத தரையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். அங்கே தொட வேண்டும் என்று விமானிக்கு அடையாளம். அதாவது கீழ்க்கோடித் தரை முழுவதையும் தோரணத்துக்கும் கோலத்துக்கும் தானம் செய்துவிட்டார். மிச்சம் இருந்த தரையை நான் பார்த்தேன். எங்கள் ஜீப் நிற்பதற்கே யோசிக்கும்.

சத்தம் கேட்டது. எல்லாரும் அண்ணாந்தோம். மஞ்சளும் வெள்ளையுமாக, உச்சந்தலையில் இறக்கையை வைத்துக்கொண்டு, தடித்த சக்கரங்களைத் தொங்கவிட்டபடி அது எங்களை ஒரு சுற்றுச் சுற்றியது. தோரணத்தைப் பார்த்துவிட்டதோ என்னவோ, இன்னொரு சுற்று. மேனேஜர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா என் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அது கிழிந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

விமானம் பள்ளத்தாக்குக்குள் போய்த் திரும்பி, எங்களை நோக்கி வந்தது. வரவரச் சத்தம் குறைந்தது. இறக்கையின் பின் விளிம்பு முழுவதும் கீழே தொங்கியது, முன் விளிம்பில் பட்டை நீட்டிக்கொண்டது. என் கொல்லையில் பார்த்த அதே கோழி இறக்கை! மூக்கைத் தூக்கிக்கொண்டு, விழவும் இல்லாமல் பறக்கவும் இல்லாமல், தோரணத்துக்கு மேலே வந்தது. தாண்டியதும் மாடிப்படியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சக்கரம் விரிப்பை மிதித்துச் சுருட்டியது. செம்மண் பறந்தது. ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஓடி, மேனேஜர் எழுந்து ஓடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், நின்றுவிட்டது. மேலே இன்னும் தரை மிச்சம் இருந்தது!

லயமே கூவியது. மாரியாயி குலவை போட்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நான் குதித்ததாகவும், அதைப் பார்க்க விமானத்தைவிட வேடிக்கையாக இருந்ததாகவும் என் மனைவி சொல்கிறாள்.

மேனேஜர் தோரணத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ஆர்ச் இல்லேன்னா நான் நம்பியிருக்க மாட்டேன், டாக்டர்" என்றார். பிறகு, "சரி, இப்ப ஆளைத் தூக்கட்டும். யார் போறது?"

டாக்டரம்மா சட்டென்று என்னைக் காட்டினார். "கம்பவுண்டர் போவாருங்க."

"நானா? என் எடைக்கா? நீங்க போறதுதானே முறை? இத்தனை நாள் கனவு கண்டது நீங்களல்லவா?"

"உங்களைத் தூக்குச்சுன்னா யாரை வேணாலும் தூக்குமுங்க. ஏறுங்க, ஏறுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சில் நியாயம் இருந்ததால் ஸ்ட்ரெச்சரில் படுத்தேன். நாலு பேர் முக்கித் தூக்கி உள்ளே தள்ளினார்கள். பட்டை போட்டு இறுக்கினார்கள். கூரைத் தகடு மட்டும்தான் தெரிந்தது. என்ஜின் அலறியது, முதுகில் தடதடவென்று மண் இடித்தது. முருகா என்றேன். இரண்டாவது முருகா சொல்வதற்குள் இடி நின்றுவிட்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், ஜன்னலில் பவானி ஆறு! எங்கள் முகடு பின்னால் ஒரு துண்டு மாதிரிக் கிடந்தது. அதில் சின்னப் புள்ளியாக ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், கட்டிப்போட்ட நிலையிலேயே ஓவென்று கத்தினேன்.

விமானி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "டாக்டர் ஏறல்லே அல்லே? ஏற மாட்டா, கேட்டோ. அங்கே எத்தனை வருஷம்! எத்தனை பேரை என் பிளேன்ல ஏத்தி அனுப்பியிருக்கா. ஒரு தடவைகூட அவங்க ஏறினதில்லே. லீவுக்கு ஊருக்குப் போகணும்னா, காட்டு வழியா நாள் கணக்கா நடந்தே இறங்கிப் போவா. உயரம்னா அத்தனை பயம்."

எனக்கு ஸ்டூல் ஞாபகம் வந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பாத முகம் ஞாபகம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி முகட்டிலேயே இறங்கியதும் நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமாங்க. மூணாவது படியில நின்னாலே கால் நடுங்குமுங்க. அதுக்காவ? எனக்குப் பயமா இருந்தா பிளேனு மேல குத்தமா?" என்றார். மற்றவர்களுக்காக ஆகாயத்தில் வழி தேடியவர், தான் மட்டும் தரையை விட்டு நகராதவர் என்று தெரிந்ததும் எனக்கு அவர் மேல் இருந்த பாசம் இரண்டு மடங்காயிற்று.

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்ற இடங்களில் எல்லாம் புல் நட்டார்கள், அந்தத் துண்டை விட்டுவிட்டார்கள். அதில் தானாகவே பசும்புல் படர்ந்தது. மூங்கிலை மட்டும் பிடுங்கி ஓரமாக நட்டுக்கொள்ள மாரியாயி சம்மதித்தாள்.

மறு ஐப்பசி. அதே அடைமழை. ரோடு மறுபடியும் சரிந்தது. அந்த நேரம் பார்த்து மாரியாயியின் மகள் செல்வி, நிறைமாதக்காரி, அண்ணி மாதிரியே இரத்தப் போக்கோடு வந்து சேர்ந்தாள். மாரியாயி எங்கள் வாசலில் வந்து நின்றாள். போன் கம்பி அறுந்துபோகாமல் இருந்தது அந்த மாரியம்மன் புண்ணியம். விமானி, "இங்கே வானம் திறந்திருக்கு. அங்கே மஞ்சு?" என்று கேட்டார். முகட்டில் ஒரே மூடுபனி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

"விலகுமுங்க. சித்த நேரம் விலகும், அது போதும். நீங்க வாங்க" என்றார் டாக்டரம்மா. இடத்துக்குச் சொன்னதையே நேரத்துக்கும் சொன்னார்.

செல்வியைப் படுக்கையோடு முகட்டுக்குத் தூக்கிப் போனோம். குடைகளைப் பிடித்துக்கொண்டு லயமே நின்றது. மேலே, மஞ்சுக்குள், விமானம் சுற்றும் சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. டாக்டரம்மா செல்வியின் நாடியைப் பிடித்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கீழ்க்கோடியில் மஞ்சு கிழிந்தது. ஒரு கதவு அகலம்தான். அந்தக் கதவு வழியாக அது வந்தே விட்டது! ஈரப் புல்லில் வழுக்கி, கோணலாகி, நேராகி நின்றது.

செல்வியை ஏற்றினோம். ஏறும் குளுகோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நானும் படியில் காலை வைத்தேன். விமானி என் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார்.

"வேண்டாம் கம்பவுண்டர். புல்லு நனைஞ்சிருக்கு, சக்கரம் ஓடாது. லேசான ஆள் மதி, அது போதும். அதோட, வழியில ஏதாவது ஆனா டாக்டர்தான் வேணும்."

எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அந்தச் சின்ன முகம் வெளுத்திருந்தது. கீழ்க்கோடியில் மஞ்சு மறுபடி சேர ஆரம்பித்தது. அவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

கதவு மூடிக்கொண்டது. இறக்கத்தில் சேறு வாரி அடித்துக்கொண்டு அது ஓடியது. தரை தீர்ந்துபோன இடத்தில் மஞ்சுக்குள் மறைந்தது. மாரியாயி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சுக்குள்ளிருந்து சத்தம் கீழே போகவில்லை. மேலே போனது. மேலே, மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் மழையில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

சில நாள் கழித்து, சரிவை அப்புறப்படுத்தாத ரோட்டில், குடையும் கையுமாகச் சேற்றில் ஏறி வந்தார் டாக்டரம்மா. மேட்டுப்பாளையம்வரை பஸ், அங்கிருந்து கிடைத்த லாரி, மீதி நடை. விமானத்தில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம். செல்விக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம். மாரியாயி அவர் காலில் விழப் போனாள். இவர் பிடித்து நிறுத்தி, "எம்மேல இல்லீங்க, அந்தத் தரையக் கும்பிடுங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன்: "பயமா இல்லைங்களா?"

"ஏனுங்க, பயப்படலாம்னுதான் கண்ணை இறுக்கி மூடுனேன்" என்றார். "நான் ஆரம்பிக்கறதுக்குள்ள தரை முடிஞ்சு போச்சுங்க. அப்புறம் பயந்து என்ன பண்றது?"

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போய்க் கையைக் கழுவினார். அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"கம்பவுண்டர், அந்த ஸ்பிரிட் பாட்டிலு..."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.